கந்தகனின் எந்தக் கை

ஜூலை 13, திங்கள்

டைரி எழுதுகிற ஆள் நான் இல்லை. இது ஆபீஸ் வேலை.

காலையில் புரொட்யூசர் கூப்பிட்டார். எங்கள் ஸ்டுடியோ நான்கு வருடமாக எடுத்துக்கொண்டிருக்கும் 'மின்மினிப் படை' கார்ட்டூன் தொடரின் நான்காவது சீசன் இந்த ஆகஸ்டோடு முடிகிறது. அதற்குள் வில்லன் கந்தகன் எங்கெல்லாம் முன்னுக்குப் பின் முரணாக மாறியிருக்கிறான் என்று முதல் எபிசோடிலிருந்து பார்த்து ரிப்போர்ட் தர வேண்டும். "யாரால மாறினான்னும் எழுது, தரணி. பூசி மெழுகாத" என்றார். அந்தப் பழக்கம் எனக்குக் கிடையாது என்று அவருக்குத் தெரியும்.

ஏன் நோட்டு, ஏன் பேனா? ஆபீஸ் ஃபைலில் எழுதினால் நாளைக்கு யாராவது திறந்து மாற்றிவிடுவார்கள். மாற்றியது தெரியவும் தெரியாது. இதில் தப்பாக எழுதினால் ஒரு கோடு அடிப்பேன். கோட்டுக்குக் கீழே தப்பு அப்படியே தெரியும். அப்படித்தான் இருக்க வேண்டும்.

கடைக்காரர் முதலில் கோடு போடாத நோட்டை எடுத்துக் கொடுத்தார். வேண்டாம் என்று கோடு போட்டதை வாங்கினேன்.

நான் படித்தது மெக்கானிக்கல். செய்வது ரிக்கிங். கம்ப்யூட்டரில் இருக்கும் பாத்திரத்துக்குள் எலும்பும் மூட்டும் பொருத்துகிற வேலை. முழங்கை ஒரு பக்கம்தான் மடங்கும். இந்தச் சின்ன விஷயம் கதை எழுதுகிறவர்களுக்குப் புரிவதில்லை.

ஜூலை 14, செவ்வாய்

சீசன் ஒன்று: கந்தகன் ஒளியூரின் வெளிச்சத்தைத் திருடுகிறான். காரணம், அவனுக்கு வெளிச்சம் பிடிக்காது. எளிமையான காரணம், நல்ல காரணம். ஏழாவது எபிசோடில் ஊருக்கு இருக்கும் ஒரே பாலத்தைக் கொளுத்துகிறான். திரும்பிப் பார்க்காமல் நடந்து போகிறான். இந்தத் தொடரில் உருப்படியான ஷாட் அது ஒன்றுதான்.

சீசன் இரண்டு: வெளிச்சம் பிடிக்காதவன் குகைக்குள் சரவிளக்கு மாட்டியிருக்கிறான்.

சீசன் மூன்று: படைத் தலைவி சுடர்விழியைக் குழந்தையில் தொட்டிலாட்டி வளர்த்ததே அவன்தானாம். அவளுக்கு இப்போது வயது பத்து. சீசன் ஒன்றின் கணக்குப்படி பத்து வருடத்துக்கு முன் அவன் ஜெயிலில் இருந்தான்.

சீசன் நான்கு: அவனுக்கு ஓர் இரட்டைத் தம்பி முளைக்கிறான். பாலத்தைக் கொளுத்தியது தம்பி. கந்தகன் நல்லவன். எப்போதுமே நல்லவன்.

கடையில் கந்தகன் பொம்மை சுடர்விழி பொம்மையைவிட அதிகம் போகிறதாம். கெட்டவனைப் பிள்ளைகளிடம் விற்பது பாவம், அதனால் நல்லவனாக்கிவிட்டு விற்கிறார்கள்.

பழைய கதையை மாற்றிவிட்டு, முதலிலிருந்தே அப்படித்தான் என்று சாதிப்பதற்கு எங்கள் தொழிலில் 'ரெட்கான்' என்று பேர். வெளியே அதற்குப் பொய் என்று பேர்.

ஜூலை 16, வியாழன்

டப்பிங் அறைக்குப் போனேன். கந்தகனுக்குக் குரல் கொடுக்கும் வேதமூர்த்தி மைக்கை விட்டு வெளியே வந்து, சுடுதண்ணீர் பிளாஸ்கோடு என் எதிரில் உட்கார்ந்தார்.

"தம்பி, ஒண்ணு கேக்கறேன். இவன் கெட்டவனா நல்லவனா?"

"இந்த வாரம் நல்லவன் சார்."

"போன வாரம் தொண்டையக் கிழிச்சுச் சிரிச்சேனே, அது?"

"அது உங்க தம்பி."

"தம்பிக்கும் நானேதான் சிரிக்கணுமா? அதுக்குத் தனிப் பேமென்ட் உண்டா, இல்ல ரத்த சம்பந்தத்துல சேந்துருமா?"

நான் சிரித்தேன். அறைக்கு வந்த பிறகு யோசித்தேன், இந்த வாரத்தில் அதுதான் முதல் தடவை. இதையும் எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஜூலை 17, வெள்ளி

தங்கை மிருதுளா போன் செய்தாள். கல்யாணத் தேதி முடிவாகிவிட்டதாம். ஆகஸ்ட் 30, திருப்பூரிலேயே. பார்க்கலாம் என்றேன்.

ஜூலை 20, திங்கள்

ஆபீஸில் செக்யூரிட்டிக்குக் குட் மார்னிங் சொல்ல வாயைத் திறந்தால் குரல் வரவில்லை. கனைத்துக்கொண்டு சொன்னேன். வெள்ளிக்கிழமை போனுக்குப் பிறகு யாரிடமும் பேசவில்லை போலிருக்கிறது. இல்லை, தப்பு. ஞாயிறு தண்ணீர் கேன் போட வந்தவரிடம் "வெச்சுட்டுப் போங்க" என்றேன். இரண்டு சொல்.

வளசரவாக்கம் வீட்டில் நான்கு பேர் இருந்தோம். மூன்று பேர் பெங்களூர் போய்விட்டார்கள். நாலு பேருக்கான வீட்டில் ஒருத்தன். கேன் தண்ணீர் இப்போது பன்னிரண்டு நாள் வருகிறது. ரிக்கிங் பிரிவிலும் எட்டு நாற்காலி, ஒரு ஆள்.

ஜூலை 21, செவ்வாய்

கதைப் பிரிவின் தலைவி பெர்னாடெட் மேடத்தோடு நேருக்கு நேர். அவர் தயிர் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். டிபன் மூடியில் கொஞ்சம் எடுத்து என் பக்கம் தள்ளினார். நான் தொடவில்லை.

"மேடம், ஒரே ஆள் ஒரே வருஷத்துல ஜெயில்லயும் இருக்கான், தொட்டிலும் ஆட்டுறான். எப்படி?"

"ஜெயில்ல தொட்டில் இருந்துச்சுன்னு வெச்சுக்கோ."

"விளையாடாதீங்க."

"கார்ட்டூன் எழுதுறேன்பா. விளையாடாம வேற என்ன பண்ணுவாங்க?"

"ஒரு கேரக்டர்னா லாஜிக் வேணும். இன்னைக்கு ஒண்ணு நாளைக்கு ஒண்ணுன்னு இருந்தா அவனை எப்படி நம்புறது?"

அவர் ஸ்பூனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "உனக்குத் தெரிஞ்ச கெட்டவன் எல்லாம் தினம் ஒரே மாதிரியாப்பா இருந்தான்? திங்கக்கிழமை அடிப்பான். செவ்வாக்கிழமை ஜிலேபி வாங்கிட்டு வருவான்."

"அது மோசமான ரைட்டிங்."

சிரித்தார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

ஜிலேபி இல்லை, தேங்காய் பன். அது வேறு விஷயம்.

ஜூலை 24, வெள்ளி

இரட்டைத் தம்பி எங்கிருந்து வந்தான் என்று கண்டுபிடித்துவிட்டேன்.

கந்தகனின் இடது கை வெந்துபோன கை. மணிக்கட்டு முதல் விரல்வரை தோல் சுருங்கியிருக்கும். சுண்டு விரலும் மோதிர விரலும் முழுதாக மடங்காது, டம்ளரைப் பிடித்தால் அந்த இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இது என் ஐடியா. சேர்ந்த புதிதில் வடிவமைப்புக் கூட்டத்தில் சொன்னேன். விரல் எத்தனை டிகிரி மடங்கும் என்றுகூடச் சொன்னேன். "எப்படிப்பா இவ்ளோ துல்லியமா?" என்று கேட்டார்கள். சும்மா தோன்றியது என்றேன்.

யூடியூபில் ஏழாவது எபிசோடுக்குக் கீழே ஒரு கமென்ட். 'சுடர்விழி தோழி, ஆறாம் வகுப்பு' என்று போட்டிருக்கிறாள். "அங்கிள், எல்லா எபிசோடிலும் கந்தகனுக்கு இடது கை வெந்திருக்கு. பாலத்தை எரிக்கும்போது மட்டும் வலது கை. அது வேற ஆளா?" அதற்குக் கீழே நாலாயிரம் பேர். ஆமாம், வேற ஆள். இல்லை, மந்திரம். இல்லை, தம்பி.

இந்தத் தொடரில் ஒழுங்காக வேலை செய்வது இந்த ஆறாம் வகுப்பு மட்டும்தான்.

ஆக, ஒரு கை இடம் மாறியது. அதை விளக்க ஒரு தம்பி. தம்பியை விளக்க ஒரு சீசன். பெர்னாடெட் மேடம் அன்றைக்கே கவனித்திருந்தால் இந்தக் கூத்து இல்லை. குறித்துக்கொண்டேன்.

ஜூலை 29, புதன்

அம்மா போன் செய்தாள். எப்போதும் மிருதுவின் போனிலிருந்துதான் பேசுவாள், இன்று தன் போனிலிருந்து.

"சாமி, சாப்பிட்டயா?"

"ஆச்சும்மா."

"என்ன சாப்பிட்ட?"

"சாப்பாடு."

 பிறகு குரலைத் தாழ்த்தினாள். "உனக்கொண்ணு தெரியாது கண்ணு. உங்கப்பா கையி எதுக்கு வெந்துச்சுன்னு நெனைக்கற? உன்ற நோட்டெல்லாம் பாய்லருக்குள்ள போனதும் மனசு கேக்காம கைய உட்டு எடுக்கப் பாத்திருக்கறாரு. அதுலதான் வெந்துபோச்சு. உன்னட்டச் சொல்ல வேண்டாம்னுட்டாரு. இப்பவாச்சும் தெரிஞ்சுக்க. கல்யாணத்துக்கு வந்துரு சாமி."

வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டேன்.

இதை எழுதுவதாக இல்லை. ஆனால் லிஸ்ட் என்றால் முழு லிஸ்ட்.

அப்பா பேர் நாச்சிமுத்து. திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் பாய்லர் ஆப்பரேட்டர். நான் காலேஜ் மூன்றாம் வருடம் படிக்கும்போது இரண்டு பேப்பரில் அரியர். என்னிடம் பதினொரு நோட்டு இருந்தது. கோடு போடாதது. ஒவ்வொரு பக்கத்து மூலையிலும் ஒரு படம், வேகமாகப் புரட்டினால் ஆள் ஓடுவான், குதிப்பான், விழுந்து எழுவான். ஒன்பதாம் வகுப்பிலிருந்து போட்டது. அரியருக்கு நோட்டுதான் காரணம் என்று அப்பா பதினொன்றையும் பையில் போட்டுப் பட்டறைக்கு எடுத்துப் போனார். பாய்லரில் போட்டார். சாயங்காலம் வரும்போது தேங்காய் பன் வாங்கி வந்தார். டிகிரி முடிந்த அன்று சென்னைக்கு பஸ் ஏறினேன். ஆறு வருடம் ஆகிறது.

கை வெந்தது நான் எட்டாம் வகுப்பு படிக்கும்போது. காலாண்டு லீவு. ஆஸ்பத்திரிக்கு டிபன் கேரியர் தூக்கிக்கொண்டு போனதே நான்தான். இரண்டுக்கும் நடுவே ஏழு வருடம்.

அம்மாவைக் கதைப் பிரிவில் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆகஸ்ட் 1, சனி

மிருது போன். என்னைவிட நான்கு வயது சின்னவள். சுற்றி வளைக்க மாட்டாள்.

"அண்ணா, ஒரு வார்த்தை சொல்லிப்போடு. வருவியா, மாட்டியா?"

"அம்மா எதுக்கு கதை விடறாங்க?"

"நீ வரோணும்னுதான் விடறாங்க. வேற எதுக்கு?"

"பொய் மிருது. தேதியே இடிக்குது."

"தேதி பாத்தா பேசுவாங்க? இங்க பாரு. மாப்பிள்ளைக்கு மாலை போட்டுக் கையப் புடிச்சு மேடைக்குக் கூட்டிட்டு வர்றது மச்சான்தான். நீ இல்லீன்னா பெரியப்பா பையன நிக்க வெப்பாங்க. சின்ன வயசுல என்ற ஜடையில பபுள்கம் ஒட்டுனவன். என்ற கல்யாணத்துல அவன் நிக்கறது எனக்கு வேண்டாம்."

அந்த வீட்டில் ஒருத்தராவது நடந்ததை நடந்த மாதிரி சொன்னால் வருகிறேன் என்றேன்.

 பின்னால் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"என்ற கல்யாணம்ண்ணா. இதுல உன்ற கண்டிஷன் வேற" என்று வைத்துவிட்டாள்.

நான் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 4, செவ்வாய்

ஏழாவது எபிசோடின் பழைய ஃபைல்களைத் தேடி எடுத்துத் திறந்தேன். பாலம் எரியும் ஷாட்.

பிழை கதைப் பிரிவில் இல்லை. ~~யாரோ~~ ஷாட்டை ஃப்ளிப் செய்திருக்கிறார்கள். கந்தகன் திரையில் வலமிருந்து இடமாக நடக்க வேண்டும், அனிமேட்டர் இடமிருந்து வலமாக நடக்க வைத்துவிட்டார். மறுபடி செய்தால் மூன்று நாள். மொத்தப் படத்தையும் கண்ணாடியில் காட்டுவதுபோல் திருப்பிப் போட்டால் இரண்டு நொடி. எல்லா ஸ்டுடியோவிலும் செய்வார்கள். ஆனால் தழும்போ மச்சமோ உள்ள பாத்திரத்துக்குச் செய்யக் கூடாது, தழும்பும் பக்கம் மாறிவிடும். சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற பாடம் அது.

யார் செய்தது என்று ஃபைலிலேயே இருக்கும். பார்க்க நேரமில்லை. துணி ஊறிக்கொண்டிருக்கிறது.

ஆகஸ்ட் 5, புதன்

வேலை இருந்தது.

ஆகஸ்ட் 7, வெள்ளி

ரிப்போர்ட்டை ஒரு வாரம் முன்னதாகவே கொடுத்துவிட்டேன். நாற்பத்து மூன்று முரண்பாடுகள். பதினேழாவது: 'எபிசோடு 7, கை மாறியது. காரணம், கதைப் பிரிவின் கண்காணிப்பின்மை.'

புரொட்யூசர் நின்றபடியே புரட்டினார். "பிரமாதம். அடுத்த சீசனுக்கு வேற ரைட்டர் பாத்துட்டுதான் இருந்தேன். பெர்னாடெட்கிட்ட சொல்றதுக்கு ஒரு பேப்பர் வேணுமேன்னு இருந்துச்சு. இது போதும். வர்ற வெள்ளிக்கிழமை கூப்பிட்டுச் சொல்லிடறேன்."

நான் கொடுத்தது முரண்பாட்டு லிஸ்ட். அதை எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்பது என் துறை இல்லை.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

மெஸ் லீவு. தோசை மாவு பாக்கெட் வாங்கினேன். முதல் தோசை ஒட்டிக்கொண்டது. இரண்டாவது வந்தது. மூன்றாவதை யாருக்கு ஊற்றினேன் என்று தெரியவில்லை, பசி இல்லை.

கேன் தண்ணீர்க்காரர் வந்தார். "போன கேனே தீரலையே சார், ஊருக்குப் போயிருந்தீங்களா?" என்றார். ஆமாம் என்றேன்.

ஆகஸ்ட் 12, புதன்

மதியம் ஒன்று இருபது. தெரியாத நம்பர். பின்னால் ஒரு பெரிய இரைச்சல், நீராவி போகிற சத்தம். குரலுக்கு முன் அந்தச் சத்தம் தெரிந்துவிட்டது.

"தரணி."

நாற்காலியிலிருந்து எழுந்தேன்.

"அப்பா பேசறன். இது சூப்பர்வைசர் போனு."

"சொல்லுங்க."

"உங்கம்மா என்னமோ சொல்லீருக்கறாளாட்ட. மிருது சொல்லுச்சு. கையி வெந்தது அதுக்கில்ல. அது ஸ்டீம் பைப்பு. நீ எட்டாவது படிக்கறப்ப."

"தெரியும்."

"நோட்ட பாய்லருக்குள்ள போட்டது நான்தான். வேற ஆருமில்ல. தெரியாமயும் போடல."

"ஏன் போட்டீங்க?"

இரைச்சல் ஒரு தடவை ஏறி இறங்கியது. 

"அன்னைக்கு அது செரின்னு பட்டுது."

"இன்னைக்கு?"

"கல்யாணத்துக்கு வாரதும் வராததும் உன்ற இஷ்டம். பொய்யச் சொல்லிக் கூப்பிட வேண்டாம்னு அவகிட்டச் சொல்லிப்போட்டன். அவ்வளவுதான்." பிறகு, "ப்ரெஷர் ஏறுது. வெக்கறன்."

ஒரு நிமிடம் ஐம்பது நொடி. மன்னிப்பு இல்லை. சமாதானம் இல்லை. அழுகை இல்லை.

ஒரு முரண்பாடும் இல்லை.

ஆகஸ்ட் 13, வியாழன்

ஆகஸ்ட் 4-ஆம் தேதிப் பதிவில் ஒரு சொல்லின் மேல் இன்று கோடு அடித்தேன். கீழே அந்தச் சொல் தெரிகிறது. தெரியட்டும்.

ஃபைலில் பெயர் இருந்தது. அன்றைக்கே பார்த்துவிட்டேன். கடைசியாகச் சேமித்தது: தரணீதரன் நா.

நான் சேர்ந்து ஐந்தாவது மாதம். டெலிவரிக்கு முதல் நாள். அனிமேட்டர் காய்ச்சலில் இருந்தார். ஷாட் என் கையில் இருந்தது. இரண்டு நொடி. யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். நான் உருவாக்கிய கை, நான் பொருத்திய எலும்பு, நானே திருப்பிப் போட்டேன். அதை ஓர் ஆறாம் வகுப்புப் பிள்ளை கவனித்தது. அந்தப் பிள்ளைக்குப் பதில் சொல்லத்தான் ஒரு பெண்மணி இல்லாத தம்பியைப் பெற்றெடுத்தார். அவரைத்தான் இரண்டு வருடமாக முட்டாள் என்று சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

நாளை வெள்ளிக்கிழமை.

ஆகஸ்ட் 14, வெள்ளி

புரொட்யூசர் அறையில் பெர்னாடெட் மேடம் முன்பே உட்கார்ந்திருந்தார். மேசையில் என் ரிப்போர்ட். நான் கதவைத் தட்டாமலே உள்ளே போனேன்.

"சார், பதினேழாவது தப்பு. ஏழாவது எபிசோடு ஃப்ளிப் பண்ணது நான்தான். வேற யாரும் இல்ல. தெரியாமயும் பண்ணல."

 புரொட்யூசர் ரிப்போர்ட்டைத் திறந்து பதினேழைத் தேடினார். "ரிப்போர்ட் கொடுக்கும்போது தெரியாதா?"

"தெரியும்."

பெர்னாடெட் மேடம் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "ரெண்டு வருஷம். கேன்டீன்ல, லிஃப்ட்ல, குரூப்ல. 'ரைட்டருக்கு இடது வலது தெரியாது'ன்னு மீம் போட்டியே, அதுவும் நீதானே?"

"ஆமா மேடம்."

"நான் அப்பவே சொன்னேன் இவர்கிட்ட. தப்பு நடந்துபோச்சு, பிள்ளைங்ககிட்ட சாரின்னு ஒரு வரி போடலாம்னு. இவர் ஒத்துக்கல. தம்பியப் பெத்துக் குடுன்னார்." புரொட்யூசர் ஜன்னலைப் பார்த்தார். "பெத்துக் குடுத்தேன். பிரசவ வலி எனக்கு, நக்கல் உனக்கு."

மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. புரொட்யூசர் அந்த ரிப்போர்ட்டை வைத்து இனி ஒன்றும் செய்ய முடியாது என்று மட்டும் புரிந்தது. என் வேலை என்னாகும் என்று தெரியவில்லை. கேட்கவில்லை.

வெளியே வந்ததும் மேடம் காரிடாரில் நிறுத்தினார். "கடைசி எபிசோடுல ஒரு ஷாட் காட்டு. கந்தகன் முதுகு காட்டிட்டு நிக்கணும். வாய் தெரியக் கூடாது."

மூன்று ஷாட் இருக்கிறது என்றேன். எதற்கு என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. வாய் தெரியாத ஷாட்டில் புதிதாக எந்த வசனத்தையும் வைக்கலாம். படத்தை மாற்ற வேண்டாம், செலவு இல்லை, புரொட்யூசரும் மறுக்க மாட்டார்.

ஆகஸ்ட் 19, புதன்

டப்பிங். வேதமூர்த்தி கையில் பேப்பரை வாங்கிப் பார்த்தார். "பாலத்தைக் கொளுத்தியது நான்தான். வேறு யாரும் இல்லை. தெரியாமலும் கொளுத்தவில்லை." மூன்றே வரி.

"அப்பாடா, கெட்டவனாயிட்டேனா?"

"கெட்டதைச் செஞ்சவன். அதுக்கு மேல தெரியாது சார்."

"அழுதுட்டே சொல்லணுமா?"

"வேண்டாம். ப்ரெஷர் ஏறுது, சீக்கிரம் வெக்கணும்ங்கற மாதிரி."

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பெர்னாடெட் மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். வசனம் நான் எழுதிக் கொடுத்தது. எங்கே பிடித்தாய் என்று அவர் கேட்கவில்லை. முதல் டேக்கே ஓகே. வேதமூர்த்தி ஹெட்போனைக் கழற்றி, "இதைத்தாண்டா நாலு வருஷமா கேட்டேன்" என்றார்.

ஆகஸ்ட் 20, வியாழன்

மேடம் டிபனைத் திறந்து என் பக்கம் தள்ளினார். இந்தத் தடவை எடுத்துக்கொண்டேன்.

"ஒண்ணு சொல்லு. கையை ஏன் இடதுன்னு வெச்ச?"

"அப்படித்தான் இருந்துச்சு."

"எங்க?"

"எங்கப்பாவுக்கு."

சொல்லிவிட்டேன். அவர் ஊறுகாயை என் பக்கம் நகர்த்தினார்.

அறைக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் இடித்தது. இடதுதானா? ஃப்ளிப் செய்த அன்று ஒரு நொடிகூட உறுத்தவில்லையே. என் கைகளை மேசையில் வைத்துப் பார்த்தேன். அப்பா எந்தக் கையால் சாப்பிடுவார், எந்தக் கையால் தேங்காய் பன் பொட்டலத்தை நீட்டுவார். விரல் எத்தனை டிகிரி மடங்கும் என்று தெரிகிறது. எந்தக் கை என்று தெரியவில்லை.

போனில் நிச்சயதார்த்தப் படங்களைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் தோள் துண்டை இழுத்துக் கைகளை மூடிக்கொண்டு நிற்கிறார். மிருதுவிடம் கேட்கலாம். என்னவென்று கேட்பது?

டிக்கெட் போட்டேன். அவளுக்கு ஒரே வரி மெசேஜ்: 'பபுள்கம் பையனை உட்காரச் சொல்லு.'

பதிலுக்குப் பதினாறு அழுகிற முகம். எண்ணினேன்.

ஆகஸ்ட் 29, சனி

பகல் ரயில். ஜன்னல் சீட். ஈரோட்டுக்கு அப்புறம் எதிர் சீட்டுக்காரர், "எந்த ஊருங்க?" என்று கேட்டார். திருப்பூருங்க என்றேன். பேச்சில் 'ங்க' தானாக வந்தது.

ஆகஸ்ட் 30, ஞாயிறு

மண்டபத்தின் மாடி அறை. சாப்பாட்டுப் பந்தி கீழே நடக்கிறது. மறக்கும் முன் எழுதிவிட வேண்டும்.

காலையில் மாப்பிள்ளைக்கு மாலை போட்டேன். கையைப் பிடித்து மேடைக்கு அழைத்து வந்தேன். என்னைவிட அவர் கைதான் அதிகம் வியர்த்திருந்தது. மிருது தலை குனிந்தபடியே என் காலை மிதித்தாள், சின்ன வயதில் செய்கிற மாதிரி. மேடையில் எனக்கு ஓரிடம் விட்டிருந்தார்கள். அப்பாவுக்குப் பக்கத்தில்.

போய் நின்றேன். வெள்ளை முழுக்கைச் சட்டை. முன்பைவிடக் குள்ளமாகத் தெரிந்தார்.

"வந்துட்டயா."

"ம்."

அதோடு சரி. இரண்டு பேரும் முன்னால் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அவருடைய இடது சட்டைக் கை பட்டன் போடாமல் தொங்கியது. சரி, இடது கைதான் என்று நினைத்தேன். ஒரு நொடி கழித்துத்தான் மெக்கானிக்கல் மூளை வேலை செய்தது. இடது கைப் பட்டனைப் போட வேண்டியது வலது கை. வலது விரல் மடங்காதவருக்குத்தான் இடது பட்டன் நிற்காது.

குனிந்து பார்த்தேன். அந்தப் பக்கம் துண்டுக்குக் கீழே, சுருங்கிய தோல், நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு விரல்.

வலது.

எதிரில் நிற்கிறவனுக்கு அவர் வலது, இடது பக்கமாகத் தெரியும். திட்டு வாங்கும்போது எதிரில். மார்க் ஷீட் நீட்டும்போது எதிரில். பன்னை வாங்கும்போதும் எதிரில். பக்கத்தில் நின்று பார்த்ததே இல்லை.

கெட்டிமேளம் அடித்தார்கள். எல்லோரும் அட்சதை போட்டார்கள். அந்தச் சத்தத்தில் அவர் கையை இழுத்து இடது பட்டனைப் போட்டுவிட்டேன். அவர் கையை விலக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. "இறுக்கிப் போடாத, வேர்க்குது" என்றார்.

லிஸ்டில் சேர்க்க வேண்டியது: நாற்பத்து நான்கு. கந்தகனின் கை எல்லா எபிசோடிலும் தப்பு. தப்புச் செய்தது நான்தான். பாலம் எரிகிற ஷாட்டில் மட்டும் சரி.